கிரிஸ்தியானியாவில் தேடு

2010 டிசம்பர் 1 அன்று நோர்வேயின் தேசிய ஆவணக் காப்பகம் ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை இணையத்தில் திறந்துவிட்டது. சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1910 டிசம்பர் 1ஆம் தேதியை வைத்து, நாட்டில் வாழ்ந்த சுமார் 24 லட்சம் பேரைப் பெயர் பெயராக எழுதிய கணக்கு அது. பிறந்த நாள், பிறந்த ஊர், தொழில், மதம், அந்த வீட்டில் யாருக்கு யார் என்ன உறவு, அமெரிக்கா போய்த் திரும்பியவரா என்பது வரை அதில் உண்டு. நூறு ஆண்டு பூட்டி வைப்பது அந்நாட்டு வழக்கம். கழிந்த அன்றே திறப்பதும் வழக்கம். 1920ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பும் அப்படியே 2020 டிசம்பர் 1 அன்று வெளியானது. கட்டணம் இல்லை, சிபாரிசுக் கடிதம் தேவையில்லை. ஒஸ்லோவில் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை தன் கொள்ளுப்பாட்டியின் அப்பாவைப் பாட இடைவேளைக்குள் தேடிப் பார்க்கலாம்.

ஆனால் அந்தப் பிள்ளை தேடல் பெட்டியில் ஒஸ்லோ என்று எழுதினால் அநேகமாக ஏமாற்றம்தான். பழைய ஒஸ்லோ 1624இல் எரிந்தபின் மன்னன் நான்காம் கிரிஸ்தியான் ஆக்கர்ஸ்ஹுஸ் கோட்டையடியில் புது நகரம் எழுப்பி அதற்குத் தன் பெயரை வைத்தான். 1925 ஜனவரி 1 அன்றுதான் தலைநகருக்கு ஒஸ்லோ என்ற பெயர் திரும்பியது. அதுவரை ஒஸ்லோ என்றால் நகரின் கிழக்கு ஓரத்தில் ஒரு பகுதி மட்டுமே. ஆகவே கிரிஸ்தியானியா என்று தேட வேண்டும்.

ஆள் பெயரிலும் இதே சிக்கல். 1923ஆம் ஆண்டுப் பெயர்ச் சட்டம் வரும்வரை நாட்டுப்புறத்தில் பலருக்கு வழிவழியாக வரும் குடும்பப் பெயர் கிடையாது. ஓலேயின் மகன் ஓல்சன், மகள் ஓல்ஸ்தத்தர். கூடவே குடியிருந்த பண்ணையின் பெயர் ஒட்டிக்கொள்ளும். பண்ணை மாறினால் அந்தப் பெயரும் மாறும். தந்தை பெயரை முன்னெழுத்தாகப் போட்டுக்கொள்ளும் தமிழருக்கு இது உடனே விளங்கும். நிலையான குடும்பப் பெயரோடு பிறந்து வளர்ந்த இன்றைய நோர்வேப் பிள்ளைக்கு யாராவது சொல்லித் தந்தால்தான் விளங்கும்.

அந்த யாராவது, ஆசிரியர். மாணவர்களுக்கான வரலாற்றுப் போட்டிகளைப் பற்றி எழுதும்போது பரிசு வாங்கிய பிள்ளைகளின் படம் வரும், தலைப்பு வரும், நடுவர்களின் பாராட்டு வரும். எந்த ஆவணத்தை எங்கே தேடுவது, எதை நம்புவது, எதை உலகறிய வெளியிடலாம், எதை வெளியிடக் கூடாது என்று பக்கத்தில் நின்று சொன்னவரின் கதை அரிதாகவே எழுதப்படுகிறது. பிள்ளைகள் கட்டுரைத் தாளை விட்டு இணையத்தளம் கட்டத் தொடங்கிய பிறகு அந்த ஆசிரியரின் வேலை பல மடங்கு கடினமாகிவிட்டது. அதற்கு அவரைத் தயார்செய்யும் முயற்சி எங்கே தொடங்கி, எங்கே தடம் மாறி, எங்கே தேறியது என்பதைப் பார்க்க ஒஸ்லோ நல்ல இடம்.

நோர்வேயில் சாதாரணக் குடும்பத்தின் கதை வரலாறாக மதிக்கப்படுவது நேற்று வந்த பழக்கமல்ல. பிக்டெபோக் என்றொரு நூல் வகை அங்கே உண்டு. ஒரு வட்டாரத்தின் பண்ணைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எந்த ஆண்டில் யார் உழுதார், யாருக்கு விற்றார், யார் யாரை மணந்தார், எத்தனை மாடு நின்றது என்று தலைமுறை தலைமுறையாக எழுதிக்கொண்டு போகும் பெருநூல்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லோரன்ஸ் பெர்க் என்பவர் அன்டெபு வட்டாரத்துக்கு எழுதியது முன்னோடிகளில் ஒன்று. 1905இல் ஸ்வீடனோடு இருந்த கூட்டு அறுந்து தனி அரசான நாடு அது. அரச பரம்பரைக்குப் பதில் உழவர் பரம்பரையே தங்கள் தொடர்ச்சி என்று அந்தத் தலைமுறை நினைத்தது. 1920இல் உள்ளூர் வரலாற்றுக்கென்றே ஒரு தேசியச் சங்கம் பிறந்தது. 1950களின் நடுவில் உள்ளூர் வரலாற்று நிறுவனம் ஒன்றை அரசே தொடங்கியது. இன்று அது ஒஸ்லோ தேசிய நூலகத்தின் ஒரு பகுதி. இந்த நூல்களை எழுதியவர்களில் பள்ளி ஆசிரியர்கள் கணிசமாக இருந்தார்கள். திருச்சபைப் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் அவர்கள்தானே.

போட்டி என்ற வடிவம் வெளியிலிருந்து வந்தது. 1973இல் மேற்கு ஜெர்மனியின் குடியரசுத் தலைவர் குஸ்தாவ் ஹைனமனும் ஹாம்பர்க் தொழிலதிபர் குர்ட் கொர்பரும் சேர்ந்து பள்ளி மாணவர்களுக்கு ஒரு வரலாற்றுப் போட்டியைத் தொடங்கினார்கள். பாடநூலிலிருந்து எழுதக் கூடாது. தன் ஊரில், தன் தெருவில், தன் குடும்பத்தில் மூலச் சான்று தேடி எழுத வேண்டும் என்பது விதி. அந்தப் போட்டி வழிகாட்டும் ஆசிரியரைத் தனியே பதிவு செய்துகொண்டது. அவருக்குப் பயிலரங்கு வைத்தது, கையேடு அனுப்பியது, நல்ல வழிகாட்டலுக்கும் பரிசு தந்தது. பிள்ளை தேடுவதற்கு முன்னால் ஆசிரியருக்குத் தேடத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அவர்கள் ஆரம்பத்திலேயே கண்டுகொண்டார்கள்.

ஏன் அது அவசியம் என்பதை அன்னா ரோஸ்முஸ் காட்டினார். பவேரியாவின் பாஸாவ் நகரத்துப் பெண். நாஜி ஆட்சிக்கால அன்றாட வாழ்க்கை என்ற தலைப்பில் 1980இல் அறிவித்த போட்டிக்குத் தன் ஊரைப் பற்றி எழுதப் புறப்பட்டார். ஊர்ப் பெரியவர்கள் எதிர்ப்பாளர்களாக இருந்தார்கள் என்று கேட்டு வளர்ந்தவருக்கு ஆவணங்களில் வேறு கதை தென்பட்டது. கோப்புகளைத் தர மறுத்தார்கள், வழக்குப் போட்டார், மிரட்டல்கள் வந்தன. பள்ளிப் போட்டிக்காகத் தொடங்கிய வேலை புத்தகமாகி, 1990இல் மிகாயேல் ஃபெர்ஹூவன் இயக்கிய திரைப்படமாகவும் ஆனது. பதின்வயதுப் பிள்ளையை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பும் ஆசிரியர், அங்கே எதுவும் கிடைக்கலாம் என்பதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

கொர்பர் அறக்கட்டளை 2001இல் யூஸ்டோரி என்ற பெயரில் ஐரோப்பிய நாடுகளின் பள்ளி வரலாற்றுப் போட்டிகளை ஒரு வலையாகக் கோத்தது. பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்தன. நோர்வேயிலிருந்து அதில் இடம்பெற்ற போட்டியின் பெயர் ‘வரலாற்றில் என் குடும்பம்’. நடத்தியது கல்வித் துறை அல்ல. உள்ளூர், தனியார் ஆவணக் காப்பகங்களின் தேசியச் சங்கம். காப்பகக்காரர்கள் பள்ளிப் பிள்ளைகளைத் தேடி வந்தார்கள் என்பதில் அந்நாட்டின் குணம் தெரிகிறது. பிக்டெபோக் எழுதிய நாட்டில் குடும்பத்தை விட்டால் வேறு எதைத் தலைப்பாகக் கொடுப்பார்கள்?

இணையத்தளப் போட்டிகளின் தொடக்கம் அமெரிக்கா. 1996இல் அட்வான்ஸ்ட் நெட்வொர்க் அண்ட் சர்வீசஸ் என்ற நிறுவனம் திங்க்குவெஸ்ட் போட்டியை அறிவித்தது. பல நாட்டு மாணவர்கள் இரண்டு மூன்று பேராக அணி சேர்ந்து கல்வித் தளம் ஒன்றைக் கட்ட வேண்டும்; அணிக்குப் பயிற்றுநராக ஆசிரியர் இருப்பார். அங்கே வரலாறும் ஒரு பாடம். வரலாற்றுக்கென்றே இருந்தது வேறொரு போட்டி. கிளீவ்லண்டில் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் டேவிட் வான் டாசல், அறிவியல் கண்காட்சியைப் போல வரலாற்றுக்கும் ஒன்று வேண்டும் என்று 1974இல் தொடங்கிய நேஷனல் ஹிஸ்டரி டே அது. இன்று ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பங்கேற்கிறார்கள். கட்டுரை, கண்காட்சி, நாடகம், ஆவணப்படம் என்ற நான்கோடு இணையத்தளமும் ஐந்தாவதாகச் சேர்ந்தது.

அந்த ஐந்தாவது வகையின் விதிகளைப் படித்தால் அதை வகுத்தவர்களின் அக்கறை தெரியும். மாணவர் தாமே எழுதிய சொற்கள் 1,200க்கு மேல் போகக் கூடாது. தளத்தில் எத்தனை படம், எத்தனை ஆவணம் வேண்டுமானாலும் காட்டலாம். ஆனால் வாதத்தை 1,200 சொல்லில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு சான்றும் எங்கிருந்து வந்தது, அது எதற்குப் பயன்பட்டது என்று குறிப்போடு கூடிய பட்டியல் வைக்க வேண்டும். எப்படித் தேடினோம், எங்கே திசை மாறினோம் என்று வேலை நடந்த விதத்தைத் தனித் தாளில் எழுதித் தர வேண்டும். பெரியவர்கள் ஆலோசனை சொல்லலாம், செய்து கொடுக்கக் கூடாது. இவ்வளவு சுருக்கமான இடத்தில் ஒரு பிள்ளை எதைச் சொல்லி எதை விடுவது என்று முடிவெடுக்கும் நேரம்தான் ஆசிரியர் உண்மையில் கற்பிக்கும் நேரம். பக்கத்தின் நிறமும் பொத்தானின் வடிவமும் அதற்கு அப்புறம்.

தொழில்நுட்பத்தில் ஒஸ்லோ யாருக்கும் பின்தங்கி இருக்கவில்லை. இணையத்தின் முன்னோடியான அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் 1973இல் அட்லாண்டிக் கடந்தபோது முதலில் வந்து தொட்ட இடம் ஒஸ்லோவை அடுத்த ஷெல்லரில் உள்ள நோர்சார் நிலையம். 1994இல் வலைப்பக்கத்தின் உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் பிரித்து வைக்கும் சிஎஸ்எஸ் முறையை முன்மொழிந்தவர் ஹோகோன் வீயும் லீ என்ற நோர்வேக்காரர். அப்போது ஜெனீவாவின் செர்ன் ஆய்வு மையத்தில் இருந்தார், பிறகு ஒஸ்லோவின் ஓப்பரா நிறுவனத்தில் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியானார். அந்த ஓப்பரா உலாவியே ஒஸ்லோவில் டெலிநோர் நிறுவனத்துக்குள் பிறந்தது. உலகின் எந்த மூலையில் ஒரு மாணவர் வரலாற்றுத் தளம் கட்டினாலும் அதன் எழுத்துருவும் நிறமும் லீயின் யோசனையின் வழியாகத்தான் திரைக்கு வருகின்றன.

பள்ளிக்குள் கணினி அதற்கும் முன்பே வந்துவிட்டது. 1984இல் ஒஸ்லோ நிறுவனம் ஒன்று பள்ளிகளுக்கென்றே டிக்கி 100 என்ற கணினியைச் செய்தது. முதலில் வைத்த பெயர் கொன்டிக்கி 100. கொன்டிக்கி கட்டுமரப் பயணத்தால் உலகப் புகழ் பெற்ற தூர் ஹெயர்டால் ஆட்சேபித்ததால் பெயர் சுருங்கியது. அதே ஆண்டுகளில் பள்ளிகளில் கணினியைக் கொண்டுவர அரசு ஒரு செயல்திட்டத்தைத் தொடங்கியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தொடங்கியது. ஆனால் அது இயந்திரத்தைப் பழக்கும் பயிற்சி. எப்படி இயக்குவது, எப்படிச் சேமிப்பது, எப்படி அச்செடுப்பது.

இப்படித் தடம் தவறியதைப் பல நாடுகள் இன்னும் திருத்திக்கொள்ளவில்லை. வரலாற்று ஆசிரியரை உட்காரவைத்து மென்பொருளைக் கற்பித்தால் அவர் வகுப்புக்குத் திரும்பி மென்பொருளைத்தான் கற்பிப்பார். அவருடைய பாடம் அங்கே காணாமல் போகும். நோர்வேயில் 1997ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் செயல்திட்ட வேலைக்குப் பெரிய இடம் கொடுத்தது; அதே ஆண்டு ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் கல்வியில் தகவல் தொழில்நுட்பத்துக்கென ஐ.டி.யூ. என்ற ஆய்வு வலையமைப்பு பிறந்தது. 1999இல் தொடங்கிய பைலட் என்ற திட்டம், பள்ளி முழுவதும் எப்படி மாற வேண்டும் என்று நாலாண்டு பார்த்தது. 2006இல் வந்த புதிய பாடத்திட்டம்தான் திருப்புமுனை. பேச்சு, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றோடு டிஜிட்டல் திறனையும் ஐந்தாவது அடிப்படைத் திறனாக்கி, அதை எல்லாப் பாடங்களுக்குள்ளும் வைத்தது. கணினி வகுப்புக்காரரின் பொறுப்பாக இருந்தது அன்றிலிருந்து வரலாற்று ஆசிரியரின் பொறுப்பு. இணையத்தில் கிடைத்த சான்றை எடைபோடுவது வரலாற்றுப் பாடத்தின் வேலை என்று அரசாணையிலேயே வந்துவிட்டது.

அதே காலத்தில் சான்றுகளும் வந்து குவிந்தன. 1801ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைக் கணினியில் ஏற்றும் வேலை பெர்கன் பல்கலைக்கழகத்தில் எழுபதுகளிலேயே தொடங்கியது. அந்த அடித்தளத்தின் மேல் 1998இல் டிஜிட்டல் ஆவணக் காப்பகம் இணையத்தில் திறந்தது. 1865, 1875, 1900ஆம் ஆண்டுகளின் கணக்கெடுப்புகள் வந்தன. திருச்சபைப் பதிவேடுகள் பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஏற்றப்பட்டன. 2006இல் ஒஸ்லோ தேசிய நூலகம் தன்னிடமுள்ள எல்லாவற்றையும் மின்வடிவாக்கப்போவதாக அறிவித்து வேலையில் இறங்கியது. ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. இதைவிடப் பெரிய சோதனையும் கிடையாது. ஏனெனில் பதிவேட்டின் பக்கத்தைப் பிள்ளை திரையில் திறந்தால் தெரிவது கோதிக் கையெழுத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாதிரியார் எழுதிய அந்தக் கொக்கிகளை இன்றைய நோர்வேக்காரரால் வாசிக்க முடியாது. வாசிக்கப் பழகிய ஆசிரியர் ஒருவர் பள்ளியில் இருந்தால் அந்த வகுப்பின் தளங்களுக்கே தனி ஆழம் வரும்.

எழுத்தை வாசித்துவிட்டால் போதாது. யார், எதற்காக எழுதினார் என்று கேட்க வேண்டும். நோர்வேயின் சான்றுகளிலேயே இதற்கு மூன்று கடினமான உதாரணங்கள் உண்டு.

முதலாவது, 1942. ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது நோர்வேயின் யூதர்கள் எல்லோரும் ஒரு கேள்விப் படிவத்தை நிரப்பித் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. பெயர், தொழில், சொத்து, எப்போது நாட்டுக்கு வந்தார், தண்டனை பெற்றவரா என்று எல்லாம் கேட்டார்கள். அந்த ஆண்டு நவம்பர் 26 அன்று டோனாவ் என்ற கப்பல் ஒஸ்லோ துறைமுகத்திலிருந்து 529 யூதர்களை ஏற்றிக்கொண்டு போனது. ஆஷ்விட்ஸ் முகாமில் முடிந்தது அந்தப் பயணம். கைது செய்தவர்கள் நோர்வேப் போலீசார். இன்று ஒஸ்லோத் தெருக்களில் அந்த யூதர்கள் வாழ்ந்த வீடுகளின் வாசலில் பித்தளை முகப்புள்ள நினைவுக் கற்கள் பதிந்திருக்கின்றன. 2010 முதல் பதித்து வருகிறார்கள். பள்ளிக்குப் போகும் வழியில் அந்தக் கல்லில் ஒரு பெயரைப் படித்த மாணவர் அந்தப் பெயருக்குரியவரைப் பற்றித் தளம் கட்ட விரும்புவது இயல்பு. அவருக்குக் கிடைக்கும் மிக விரிவான சான்று அந்தக் கேள்விப் படிவம். அழிக்க நினைத்தவன் கேட்ட கேள்விக்கு அழியப்போகிறவர் எழுதிய பதில். அதை மட்டும் வைத்து அந்த மனிதரைச் சொன்னால், அவரைக் கொன்றவர்களின் கண்ணால் அவரைப் பார்த்ததாகிவிடும். பள்ளிப் படம், கடை விளம்பரம், வாத்தியக் குழுவின் உறுப்பினர் பட்டியல் என்று வேறு சான்றுகளைத் தேடச் சொல்ல ஒருவர் வேண்டும். பிக்டோய் தீபகற்பத்தில், போர்க்காலத்தில் நாஜிகளோடு ஒத்துழைத்த ஆட்சித் தலைவர் க்விஸ்லிங் குடியிருந்த வில்லா கிரான்டே மாளிகையில், 2006இலிருந்து இயங்கும் ஹோலோகாஸ்ட் ஆய்வு மையம் ஆசிரியர்களுக்கு இதைத்தான் கற்பிக்கிறது.

இரண்டாவது, போருக்குப் பின் நடந்த துரோக வழக்குகள். தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகளின் கோப்புகள் ஒஸ்லோவில் மெட்ரோ ரயில் முடியும் சொங்ஸ்வான் ஏரிக்கரையில், பாறைக்குள் குடைந்த தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 2015இல் அவை பொதுப் பார்வைக்குத் திறந்தன. குடும்ப வரலாற்றைத் தேடிப் போகும் பிள்ளைக்குக் கொள்ளுத்தாத்தாவின் பெயரில் அங்கே ஒரு கோப்பு இருக்கலாம். வீட்டில் அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஜெர்மன் சிப்பாய்களுக்கும் நோர்வேப் பெண்களுக்கும் பிறந்த பத்துப் பன்னிரண்டாயிரம் குழந்தைகளின் கதையும் இப்படியே. தாய்மார்களைத் தலை மழித்து அவமதித்தார்கள், அடைத்து வைத்தார்கள். பிள்ளைகள் பள்ளியில் பட்டது தனிக் கதை. 2000 புத்தாண்டு உரையில் பிரதமர் ஷெல் மக்னே போன்டவீக் அந்தப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டார். பெண்களிடம் எர்னா சூல்பர்க் மன்னிப்புக் கேட்டது 2018இல்தான்.

மூன்றாவது, வடக்கே சாமி மக்கள். பழைய கணக்கெடுப்புகளில் இனம் என்ன என்று ஒரு கட்டம் உண்டு. சாமி மக்களை நோர்வேக்காரராக மாற்ற முயன்ற நோர்வேமயமாக்கக் கொள்கை நடந்த காலத்தில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதப்பட்டது, என்ன மறைக்கப்பட்டது என்பது பெரிய கேள்வி. அக்காள் சாமி, தங்கை நோர்வேக்காரி என்று எழுதியிருந்தால் பிள்ளை அதைப் பிழை என்று தள்ளிவிடக் கூடாது. அதுவே ஒரு சான்று. இந்தக் கொள்கையின் பாதிப்பை ஆராய்ந்த உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2023 ஜூன் 1 அன்று தன் அறிக்கையை நாடாளுமன்றத்தில் கொடுத்தது.

கட்டுரைத் தாளாக இருந்தால் இவற்றை நடுவர் படிப்பார், கட்டி அலமாரியில் வைப்பார். இணையத்தளமாக இருந்தால் அத்தை படிப்பாள், பக்கத்து வீட்டார் படிப்பார், வேலைக்கு எடுப்பவர் பத்தாண்டு கழித்துப் படிப்பார். வழிகாட்டும் ஆசிரியருக்குத் தேவையான பயிற்சியில் பாதி இங்கேதான் இருக்கிறது. உயிரோடிருப்பவரின் ஒப்புதலை எப்படிக் கேட்பது, எழுத்தில் வாங்குவது. இறந்தவரின் நெருங்கிய உறவு மறுத்தால் என்ன செய்வது. பெயரை மறைத்தும் உண்மையை எப்படிச் சொல்வது. பாட்டியின் ஆல்பத்தில் உள்ள படத்தை ஏற்றலாமா என்பது கூட எளிய கேள்வியல்ல. சாதாரணப் புகைப்படத்துக்கும் நோர்வேச் சட்டம், எடுத்த ஆண்டின் முடிவிலிருந்து குறைந்தது 50 ஆண்டு பாதுகாப்புத் தருகிறது. ஸ்டுடியோக்காரரின் முத்திரை படத்தின் பின்புறம் இருந்தால் அவர் எப்போது காலமானார் என்றும் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் தேடும் வரலாறு அதிகாரத்தை எவ்வளவு உறுத்தும் என்பதற்கு ரஷ்யா சாட்சி. சோவியத் கால அடக்குமுறையை ஆவணப்படுத்திய மெமோரியல் அமைப்பு 1999 முதல் ‘வரலாற்றில் மனிதன்: ரஷ்யா, இருபதாம் நூற்றாண்டு’ என்ற பள்ளிப் போட்டியை நடத்தியது; அதுவும் யூஸ்டோரி வலையில் இருந்தது. கிராமத்துப் பள்ளிகளிலிருந்தும் கட்டுரைகள் வந்தன. வென்ற பிள்ளைகளோடு ஆசிரியர்களும் மாஸ்கோவுக்கு வந்தார்கள். 2016 ஏப்ரலில் பரிசளிப்பு விழா வாசலில் ஒரு கும்பல் காத்திருந்து வந்தவர்கள் மேல் முட்டை வீசியது. எழுத்தாளர் லுத்மீலா உலிட்ஸ்கயா முகத்தில் பச்சைச் சாயத்தை ஊற்றியது. பதினாறு வயதுப் பிள்ளைகளும் அவர்களைக் கைப்பிடித்து அழைத்து வந்த ஆசிரியர்களும் அந்த வழியாகத்தான் உள்ளே போனார்கள். 2021 டிசம்பரில் நீதிமன்றம் மெமோரியலைக் கலைத்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 10 அன்று ஒஸ்லோ நகர மண்டபத்தில் அமைதிக்கான நோபல் பரிசு மூன்று தரப்புக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டபோது அதில் ஒன்று மெமோரியல்.

தடை செய்யாமலே அழிவதும் உண்டு. திங்க்குவெஸ்ட் 2002இல் ஆரக்கிள் அறக்கட்டளையின் கைக்குப் போனது, 2013இல் மூடப்பட்டது. பதினாறு பதினேழு ஆண்டுகளாகப் பிள்ளைகள் கட்டிய ஆயிரக்கணக்கான தளங்கள் அதன் முகவரியிலிருந்து மறைந்தன. யாரும் இலவசமாகத் தளம் கட்ட இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009இல் போயிற்று. வகுப்பறைகளின் செல்லப்பிள்ளையாக இருந்த விக்கிஸ்பேசஸ் 2018இல் போயிற்று. ஒரு தாத்தாவின் நேர்காணல் பள்ளித் தளத்தில் மட்டும் இருந்து, தாத்தாவும் காலமாகி, தளமும் மூடிவிட்டால் அந்தக் குரல் திரும்பாது. நோர்வேயில் 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவில் வெளியாகும் எல்லா வடிவ ஆவணங்களும் தேசிய நூலகத்தில் சேர வேண்டும். நூலகம் நாட்டின் வலைப்பக்கங்களையும் அறுவடை செய்து வைக்கிறது. அதற்காக ஆசிரியர் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஒலிப்பதிவின் மூலக்கோப்பை உள்ளூர்க் காப்பகத்தில் கொடுப்பது, பக்கங்களை அச்செடுத்துப் பள்ளி நூலகத்தில் வைப்பது, முகவரியோடு பார்த்த தேதியையும் குறிக்கப் பழக்குவது எல்லாம் அவர் கையில் இருக்கிறது.

ஒஸ்லோவின் கிழக்கே க்ரூருடாலன் பள்ளத்தாக்குப் பள்ளிகளில் ‘வரலாற்றில் என் குடும்பம்’ என்று தலைப்புக் கொடுத்தால், வகுப்பில் இருக்கும் தமிழ்ப் பிள்ளை 1910ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தன்னவர் யாரையும் காண முடியாது. நோர்வேத் தமிழர் வரலாறு 1956இல் யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து வந்த அந்தோனி இராஜேந்திரத்தோடு தொடங்குகிறது. மீன்பிடித் தொழில்நுட்பம் கற்று, 1967இல் நோர்வே உதவியோடு யாழ்ப்பாணத்தில் சீநோர் நிறுவனத்தை எழுப்பியவர் அவர். அவர் காட்டிய வழியில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இளைஞர்கள் நோர்வேயின் மக்கள் உயர்பள்ளிகளுக்கு மாணவராக வந்தார்கள். இலங்கையில் போர் முற்றியபின் அகதிகளாக வந்தார்கள். வடகோடி ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் உறைந்த மீனை வெட்டிப் பிழைத்து, பிறகு குடும்பம் குடும்பமாக ஒஸ்லோவுக்கு இறங்கினார்கள். இந்தக் கதைக்குச் சான்று ஃபின்மார்க்கின் உள்ளூர்ப் பத்திரிகைகளில் இருக்கிறது. தேசிய நூலகத்தின் மின்தொகுப்பில் தேடலாம். மீன் ஆலையின் சம்பளச் சீட்டு அப்பாவின் பெட்டியில் இருக்கும்.

அதற்கு முந்திய தலைமுறைக்குப் போனால் வேறு காப்பகம் வேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் என்ற மின்நூலகம் ஈழத்து நூல்கள், இதழ்கள், பள்ளி மலர்கள், கோயில் மலர்கள், நினைவு மலர்கள் என்று தேடித் தேடி ஏற்றியிருக்கிறது. இவற்றில் நினைவு மலர்களைத்தான் வழிகாட்டும் ஆசிரியர் முதலில் காட்ட வேண்டும். காலமானவரின் ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், படித்த பள்ளி, பார்த்த உத்தியோகம், பிள்ளைகள் குடியேறிய நாடுகள் எல்லாம் முப்பத்தொன்றாம் நாள் வெளியிடும் அந்தச் சிறு வெளியீட்டில் கிடைக்கும். பிக்டெபோக் ஒரு பண்ணைக்குச் செய்ததைப் புத்தூரிலோ வேலணையிலோ ஒரு குடும்பம் தனக்குத் தானே செய்துகொண்டது போல அவை இருக்கின்றன. துயரத்தில் எழுதியவை என்பதால் நல்லதை மட்டும் சொல்லும். அதையும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். ஒஸ்லோவின் நோர்வே ஆசிரியருக்கு இந்த மலர்கள் இருப்பதே தெரியாது. வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் ஆசிரியருக்குத் தெரியும். ஆனால் போட்டியின் விதிகள் தெரியாது. இரண்டு பேரையும் ஒரே பயிலரங்கில் உட்காரவைப்பது பெரிய செலவில்லாத காரியம்.

இன்னொரு சான்று பூட்டிய அறையில் இருக்கிறது. தனிமனிதரைப் பற்றிய அரசுக் கோப்புகளை நோர்வே 60 ஆண்டு மறைத்து வைக்கிறது. 1956இல் எழுதிய கோப்புக்கு அந்தக் கெடு 2016இல் முடிந்துவிட்டது. 1986இல் தஞ்சம் கேட்டு வந்தவரின் கோப்பு 2046 வரை ஆய்வாளருக்குச் சுலபமாகக் கிடைக்காது. ஆனால் தன் கோப்பைத் தானே கேட்டு வாங்கும் உரிமை அவருக்கு இன்றே உண்டு. வெளிநாட்டவர் இயக்குநரகத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும்: வந்திறங்கிய புதிதில் அதிகாரியிடம் என்ன சொன்னோம், மொழிபெயர்ப்பாளர் அதை எப்படிச் சொன்னார், அதிகாரி எதைக் குறித்துக்கொண்டார் என்று முழுதும் பார்க்கலாம். அந்தக் கடிதத்தை எழுதச் சொல்லி மகள் அம்மாவைக் கேட்பதா, வேண்டாமா? கோப்பு வந்தால் முதலில் படிப்பது யார்? அதிலிருந்து எந்தப் பக்கம் தளத்துக்குப் போகும், எந்தப் பக்கம் வீட்டிலேயே இருக்கும்? போட்டிக்குப் பெயர் கொடுப்பதற்கு முன், மகளும் அம்மாவும் ஆசிரியரும் ஒன்றாக உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டிய கேள்விகள் இவை. கடைசிச் சொல் அம்மாவுடையது.